எம்ஜிஏ 1500: சொந்த எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதா, இசுசு எஞ்சினை ஏற்றிவிடுவதா?

அப்பாவோட_எம்ஜி · #1

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட 1957 எம்ஜிஏ 1500 (இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) பத்தி ஒரு முடிவெடுக்கணும், அதுக்காகத்தான் இந்த இழை. பழைய மெட்ராஸ் நம்பர், ஆர்சி (பதிவுச் சான்று) அப்பா பேர்ல இருக்கு. சேசிஸ், பாடி எல்லாம் நல்லா இருக்கு. பிரச்சினை எஞ்சின்லதான்.

சிக்னல்ல நின்னு கிளம்பும்போது நீலப் புகை வருது. எஞ்சின் சூடானதும் ஓட்டத்துலயே ஆயில் பிரஷர் 20 பிஎஸ்ஐ-க்குப் பக்கத்துல நிக்குது, ஐடிலிங்ல முள் கிட்டத்தட்ட படுத்துடுது. வெளியில எங்கயும் ஒழுகல, ஆனா ரேடியேட்டர்ல தண்ணி குறையுது.

பார்த்த மெக்கானிக், "இதுக்கு ஆயுசு முடிஞ்சிடுச்சு மேடம்"ன்னுட்டார். அம்பாசிடர் 1800-ல வந்த இசுசு எஞ்சினையும் அதோட அஞ்சு கியர் பாக்ஸையும் போட்டுத் தர்றேன்கிறார். கியர் பாக்ஸை மூடுற நடு டன்னலைக் கொஞ்சம் வெட்டணும், எஞ்சின் உக்காருற மவுண்ட் புதுசா வெல்டு பண்ணணுமாம். சொந்த எஞ்சினைக் கட்டினா ஆகுற செலவுல பாதிதான் அவர் சொல்ற தொகை.

அப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு. மறுபடி பாண்டிச்சேரி வரைக்கும் தானே ஓட்டிட்டுப் போகணும்னு அவருக்கு ஆசை. வண்டியைப் படுக்கப் போட்டு வருஷக்கணக்குல இழுக்க எனக்கு விருப்பமில்ல. அனுபவமுள்ளவங்க சொல்லுங்க.

ஈசிஆர்_ஞாயிறு · #2

மேடம், நான் மாத்தச் சொல்ற கட்சி. காரணத்தைச் சொல்றேன்.

என் ஸ்டாண்டர்டு ஹெரால்டுல வேற எஞ்சின் ஏத்தி ஓட்டிட்டு இருக்கேன். ஏப்ரல், மே மாசத்துல திருவான்மியூர் சிக்னல்ல நின்னாலும் பயமில்ல. இசுசு 1817 சிசி, ஓவர்ஹெட் கேம். டாக்சியா ஓடி ஓடிப் பேர் வாங்கின எஞ்சின் அது. அதுல கை வெச்ச மெக்கானிக் இந்த ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க.

அதைவிடப் பெரிய விஷயம் கியர். எம்ஜிஏ-ல நாலாவது கியர்ல 100 கி.மீ. வேகம் போனா எஞ்சின் நிமிஷத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல கத்தும். பாண்டி வரைக்கும் அந்தச் சத்தத்துல உக்காந்து போறது எழுபது வயசுக்காரருக்குச் சுகமா? அஞ்சாவது கியர் இருந்தா அந்தத் தொல்லையே இல்ல. ஓடாத வண்டியில ஒரிஜினல் எஞ்சின் இருந்து யாருக்கு லாபம்? அப்பா ஓட்டணும், அதைத்தான் முதல்ல பார்க்கணும்.

லேத்து_அம்பத்தூர் · #3

அம்மா, நான் அம்பத்தூர் எஸ்டேட்ல கிராங்க் கிரைண்டிங், போரிங் வேலையிலேயே வாழ்க்கையைக் கழிச்சவன். கட்டுறதா மாத்துறதான்னு இப்ப யாரும் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. எஞ்சினை இன்னும் யாரும் அளக்கவே இல்லையே. புகையைப் பார்த்து ஆயுசு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

நீங்க சொன்ன மூணு குறையும் மூணு வேற இடத்துல இருந்து வரலாம். நின்னு கிளம்பும்போது மட்டும் நீலப் புகைன்னா முதல் சந்தேகம் வால்வு தண்டு போய்வர்ற குழாய், அதாவது வால்வு கைடு மேலதான். ஐடிலிங்ல கைடு வழியா ஆயில் இறங்கித் தேங்கும், ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் எரிஞ்சு வெளிய வரும். பிஸ்டன் ரிங் போயிருந்தா மேடு ஏறும்போதும், இழுக்கும்போதும் விடாம புகையும். ஆயில் பிரஷர் குறையறது கிராங்க் பேரிங்கா இருக்கலாம், பம்ப்பா இருக்கலாம், ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். உங்க வண்டி மீட்டருக்கு ஆயில் பைப்பே நேரா வருது, அதனால அது காட்டுறதை நம்பலாம். தண்ணி குறையறது ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம், ஹெட்ல விரிசலாவும் இருக்கலாம்.

முதல்ல ஒண்ணு செய்ங்க. எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழட்டி, த்ராட்டிலை முழுசாத் திறந்து வெச்சு கம்ப்ரஷன் (சிலிண்டர்ல ஏறுற அழுத்தம்) பாருங்க. பிறகு ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஆயில் விட்டதும் அளவு ஏறினா ரிங், போர் (சிலிண்டர் உள்சுவர்) தேய்மானம். ஏறாம அப்படியே நின்னா வால்வு இல்லன்னா கேஸ்கெட். இதுக்கு எஞ்சினை இறக்க வேண்டியதில்ல. உங்க மெக்கானிக் இதைக்கூடச் செய்யாம விலை சொல்லியிருந்தா, அந்த விலையைக் கணக்குல எடுத்துக்காதீங்க.

பழைய_பதிவு · #4

பணக் கணக்குக்கு முன்னால சட்டக் கணக்கு ஒன்று இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள், உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின் எண், சிசி இரண்டும் ஆர்சியில் இருப்பவை. அனுமதியில்லாமல் இசுசுவை ஏற்றினால் ஆர்சி ஒன்றும் வண்டி ஒன்றுமாக நிற்கும். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது அதன் விலை தெரியும்.

அடுத்தது, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் சேர்க்கப்பட்ட விண்டேஜ் விதிகள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜாகப் பதியலாம். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி இல்லை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. பழைய நம்பர் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பதிவுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. விண்டேஜாகப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். நினைத்தபோதெல்லாம் பாண்டி போக விரும்பினால் இப்போதிருக்கும் சாதாரணப் பதிவே உங்களுக்குப் பொருத்தம். ஆனாலும் டன்னலை வெட்டிவிட்டால் பின்னாளில் அந்தக் கதவு மூடிவிடும். நீங்களோ உங்கள் பிள்ளைகளோ மனம் மாறினாலும் திறக்காது.

இன்னொன்று. இங்கிலாந்தில் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், எம்ஜி வண்டிகளுக்கு ஆலைப் பதிவேட்டிலிருந்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. எந்த எஞ்சின் எண்ணோடு வண்டி ஆலையை விட்டு வெளியே வந்தது என்பது அதில் இருக்கும். முடிவெடுப்பதற்கு முன் அதை வாங்கிப் பாருங்கள். உள்ளே இருப்பது பிறவி எஞ்சினே இல்லை என்று தெரிந்தால் கேள்வியே மாறிப்போகும்.

சோழவரம்_சனிக்கிழமை · #5

நான் சோழவரம் ரேஸ் பார்த்து வளர்ந்தவன். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன் மெட்ராஸ் ரேஸ் என்றால் அந்தப் பழைய விமான ஓடுதளம்தான். அங்கே என்னென்ன எஞ்சின்களை எந்தெந்த வண்டியில் ஏற்றி ஓட்டினார்கள் என்று பார்த்தவனுக்கு, மாற்றுவது பாவம் என்று சொல்ல வாய் வராது.

ஆனாலும் இந்த எஞ்சினை ஏதோ கழிசடை போலப் பேசுவது எனக்கு வலிக்கிறது. இது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த பி சீரீஸ், 1489 சிசி. எம்ஜிஏ விற்பனைக்கு வரும் முன்பே, 1955 ஜூனில், அதன் முன்மாதிரி வண்டிகள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடி 12-வதாகவும் 17-வதாகவும் முடித்தன. அவற்றிலும் இதே 1489 சிசி குடும்பம்தான். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல் எம்ஜிஏ செய்து, பெரும்பகுதியை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

நம் ஊருக்கு இன்னொரு சொந்தமும் இருக்கிறது. அம்பாசிடரில் காலம் காலமாக ஓடிய பெட்ரோல் எஞ்சினும் இதே 1489 சிசி பி சீரீஸ்தான். ஆகவே கட்டுவது, இசுசு போடுவது என்ற இரண்டோடு மூன்றாவது வழியும் உண்டு. நல்ல அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் போட்டு அப்பாவை ஓட்டச் சொல்லிவிட்டு, சொந்த எஞ்சினை நிதானமாகக் கட்டலாம். எதையும் வெட்ட வேண்டாம்.

புதுப்பேட்டை_பக்கம் · #6

சோழவரம் ஐயா சொல்ற மூணாவது வழி நல்ல வழிதான். ஆனா கடையில போய் "1489 குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்துடாதீங்க. அம்பாசிடர் டீசலும் அதே 1489 சிசி. பெட்ரோல்னே எடுத்தாலும் எம்ஜிஏ-க்கும் அதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. அம்பாசிடர் கம்ப்ரஷன் விகிதம் குறைவு, 7.2 சுமார். உங்களது 8.3. வால்வு சின்னது, கேம் வேற, கார்பரேட்டர் ஒண்ணே ஒண்ணு. எம்ஜிஏ-ல எஸ்யூ கார்பரேட்டர் ரெண்டு. அப்படியே போட்டா வண்டி ஓடும், எம்ஜி மாதிரி இழுக்காது.

உங்க ஹெட், கார்பரேட்டர், மேனிஃபோல்டு எல்லாத்தையும் அது மேல ஏத்தினா வித்தியாசம் குறையும். பின்பக்க பிளேட்டு, மவுண்ட், ஸ்டார்ட்டர் உக்காருற இடம், ஆர்பிஎம் மீட்டருக்கு கேபிள் எடுக்குற இடம் நாலையும் பழைய எஞ்சினைப் பக்கத்துல வெச்சுப் பார்த்து வாங்குங்க. எம்ஜிஏ-ல அந்தக் கேபிள் கேம் ஷாஃப்டோட பின்முனையில இருந்து வரும்.

எல்லாத்தையும்விட முக்கியம், புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல எடுக்குற எஞ்சினுக்கு ஒழுங்கான பில்லு, எந்த வண்டியில இருந்து வந்ததுங்கிற பேப்பரு கேட்டு வாங்குங்க. பேப்பர் தர முடியாதுன்னு சொன்னா எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க. இன்னொன்னு, அங்க கிடைக்குற பி சீரீஸும் தேய்ஞ்சுதான் இருக்கும். அதையும் பிரிச்சுத்தான் கட்டணும். ரெண்டு எஞ்சின் கட்டுற செலவு எதுக்குன்னு யோசிங்க.

ஈசிஆர்_ஞாயிறு · #7

பழைய_பதிவு சார் சொன்ன சட்டம் சரி, அதுல எனக்கு வாதமில்ல. முறையா ஆர்டிஓ அனுமதி வாங்கித்தான் செய்யணும்.

ஆனா "அசல்"ங்கிற சொல்லுக்காக எத்தனை வண்டி ஷெட்டுல துரு ஏறிக் கிடக்குது? இங்கிலாந்துல இருந்து பார்ட்ஸ் வரணும், கஸ்டம்ஸ் கட்டணும், வந்தது சைஸ் தப்பா இருந்தா திருப்பி அனுப்பணும். இதுக்குள்ள அப்பாவோட ஆசைக்கு வயசாகிடும். இதை நான் நேர்ல பார்த்திருக்கேன். அந்த வீட்டுப் பெரியவர் தன் வண்டியை மறுபடி ஓட்டாமலே போய்ட்டார். அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அப்பாவோட_எம்ஜி · #8

ஈசிஆர் சார், நீங்க சொன்னதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். அந்தப் பயம்தான் எனக்கும்.

லேத்து ஐயா சொன்னபடி வேற ஒரு மெக்கானிக்கை வெச்சு கம்ப்ரஷன் பார்த்தாச்சு. முதல் சிலிண்டர் 130 பிஎஸ்ஐ, ரெண்டாவது 70, மூணாவது 75, நாலாவது 125. ஆயில் விட்டதும் முதலும் நாலாவதும் கொஞ்சம் ஏறுச்சு. ரெண்டாவதும் மூணாவதும் அசையவே இல்ல.

லேத்து_அம்பத்தூர் · #9

அம்மா, இது நல்ல சேதி.

ரெண்டும் மூணும் சேர்ந்து விழுந்திருக்கு, ஆயிலுக்கு அசையல. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் ஒரே மாதிரி விழுந்தா நடுவுல கேஸ்கெட் போயிருக்கும், இல்லன்னா அங்க ஹெட்ல ஏதோ ஆகியிருக்கும். பி சீரீஸ் ஹெட்டை ஒருக்கா பார்த்தா காரணம் புரியும். நாலு சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் வழி மூணுதான். ஒண்ணுக்கும் நாலுக்கும் தனித்தனி, ரெண்டும் மூணும் நடுவுல ஒரே வழியில ஊதும். சூடு முழுக்க அந்த நடு இடத்துலதான். அதனால இந்த ஹெட்ல விரிசல் விழுந்தா முதல்ல அங்கதான் தேடணும். உங்க தண்ணியும் அங்கதான் போகுதுன்னு நினைக்கிறேன்.

போர் தேய்மானம் உண்டு, ஆனா எஞ்சின் செத்துடல. ஹெட்டைக் கழட்டி பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. விரிசல் தண்ணி ஜாக்கெட் வரைக்கும் இறங்கியிருந்தா ஹெட்டை மாத்துறதுதான் வழி. இந்த ஹெட்டு வெளிநாட்டுல இன்னும் கிடைக்குது. எந்த ஹெட்டை வெச்சாலும் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் ரிங் இறக்கிடுங்க. நம்ம நாட்டுல 2000 பிப்ரவரியோட ஈயம் கலந்த பெட்ரோல் நின்னுபோச்சு. பழைய ஹெட்டுல சீட்டைக் காப்பாத்தினதே அந்த ஈயம்தான். அது இல்லாம ஓடினா சீட் உள்ள இறங்கி, டேப்பட் கேப் (வால்வுக்கு விட்டிருக்குற இடைவெளி) அடைஞ்சு, வால்வு கருகும்.

ஆயில் பிரஷருக்கு எஞ்சினை இறக்கித்தான் ஆகணும். கிராங்க்கை மைக்ரோமீட்டர்ல பேரிங் உக்காருற ஒவ்வொரு ஜர்னலும் ரெண்டு திசையில அளக்கணும். இது மூணு மெயின் பேரிங் எஞ்சின். அஞ்சு பேரிங் வந்தது பிறகு எம்ஜிபி-ல, 1964 கடைசியிலதான். மூணு பேரிங்ல கிராங்க் வளைஞ்சிருக்கான்னும் பார்க்கணும், விரிசல் சோதனையும் செய்யணும். பேரிங் நாற்பது தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) அண்டர்சைஸ் வரைக்கும் உண்டு. உங்க கிராங்க் இதுவரை எத்தனை தௌ தேய்க்கப்பட்டிருக்குன்னு பேரிங் முதுகுல முத்திரை இருக்கும். பிரிச்சதும் அதைப் படம் எடுத்துப் போடுங்க.

இன்னொன்னு முன்னாடியே சொல்லிடுறேன். இந்த எஞ்சின்ல கிராங்க் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க்ல வெட்டின மரைதான் ஆயிலை உள்ள தள்ளும். அந்த இடைவெளியைச் சரியா வைக்கலன்னா கிளட்ச் பக்கம் ஆயில் அடிக்கும். நல்லா வெச்சாலும் நிறுத்தின இடத்துல ஒரு சொட்டு விழும், அதுக்காக மெக்கானிக்கைத் திட்டாதீங்க.

புதுப்பேட்டை_பக்கம் · #10

கூடவே ஒண்ணு. இப்ப பங்க்ல வர்றது ஈ20, இருபது சதவீதம் எத்தனால். கட்டினாலும் சரி, மாத்தினாலும் சரி, பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்பரேட்டர் சீல் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்துங்க. பழைய ரப்பர் ஊறி உதிரும், உதிர்ந்தது ஜெட்டுல போய் உக்காரும். எத்தனால்ல மிக்சர் மெலிசாகும், அதனால எஸ்யூ கார்பரேட்டர்ல பெட்ரோல் அளவைத் தீர்மானிக்குற நீடிலையும் கொஞ்சம் செழிப்பான ரகமாப் பார்க்கணும். வண்டியை மாசக்கணக்குல நிறுத்துறதா இருந்தா டேங்க்கைக் காலி பண்ணிடுங்க, தண்ணி இழுக்கும்.

அப்பாவோட_எம்ஜி · #11

எஞ்சினை இறக்கிப் பிரிச்சாச்சு. அப்பா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, எந்த போல்ட்டு எங்க இருந்து வந்ததுன்னு ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதி வெச்சார்.

ஹெட்ல லேத்து ஐயா சொன்ன அதே நடு எக்ஸாஸ்ட் பக்கம் விரிசல். தண்ணி வழி வரைக்கும் போயிருக்கு. கிராங்க் பத்து தௌ-ல இருக்கு, விரிசல் இல்ல, வளைவு இல்ல. பேரிங் மட்டும் செம்பு தெரியுற அளவுக்குத் தேய்ஞ்சிருக்கு. போர் ஏற்கனவே முப்பது தௌ பெருசாக்கப்பட்டிருக்கு, மேல உதடு கட்டியிருக்கு. லேத்துப் பட்டறையில நாற்பதுக்குப் போனாலும் சுத்தமாகாது, லைனர் (சிலிண்டருக்குள்ள இறக்குற புது உறை) அடிச்சாத்தான் ஆகும்ங்கிறாங்க. எஞ்சின் எண் தகடு, ஆர்சி ரெண்டும் ஒத்துப்போகுது. ஹெரிடேஜ் சான்றுக்கும் எழுதிப் போட்டிருக்கோம்.

லைனர் அடிச்ச பிளாக்கை நம்பலாமா?

லேத்து_அம்பத்தூர் · #12

தாராளமா நம்பலாம். நாலுக்கும் லைனர் இறக்கி ஸ்டாண்டர்டு போருக்கே கொண்டு வந்துடலாம், 73 மில்லிமீட்டர் சொச்சம். இன்னொரு ஐம்பது வருஷத்துக்கு பிளாக் இருக்கும். வேலை எப்படி நடக்குதுங்கிறதுல கவனம் வேணும். லைனர் நல்ல இறுக்கத்தோட இறங்கணும், கீழ உக்கார விளிம்பு இருக்கணும், முடிஞ்சதும் பிளாக் மேல்முகத்தை ஒரு பாஸ் எடுக்கணும்.

பிஸ்டன் கைக்கு வராம போரிங் போட விடாதீங்க. ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதது போற சிலிண்டரை அதுக்கு ஏத்தாப்ல ஹானிங் பண்ணணும். பிஸ்டன் செம்பியத்துலயே உற்பத்தி ஆகிற ஊரு இது. ஆனா அம்பாசிடர் பிஸ்டன் விட்டம் ஒத்துப்போகுதேன்னு போட்டுடக் கூடாது. தலை அமைப்பு வேறன்னா கம்ப்ரஷன் போய்டும். எம்ஜிஏ 1500-க்கு உரியதையே வரவழைங்க.

கிராங்க்கை இருபது தௌ-க்குத் தேய்ங்க, இன்னும் ரெண்டு தடவை தேய்க்க இடமிருக்கு. கேம் மாத்தினா டேப்பட்டையும் சேர்த்து மாத்துங்க, பழைய டேப்பட் புது கேமைத் தின்னுடும்.

ஈசிஆர்_ஞாயிறு · #13

அளவெல்லாம் பார்த்த பிறகு சொல்றேன்: கட்டுங்க மேடம். கிராங்க் இவ்வளவு நல்லா இருக்கும்னு நான் எதிர்பார்க்கல. பிளாக்ல கனெக்டிங் ராடு ஓட்டை போட்டிருந்தாலோ கிராங்க் உடைஞ்சிருந்தாலோ இப்பவும் இசுசுன்னுதான் சொல்லியிருப்பேன்.

ஆனா கியர் விஷயத்தை விட மாட்டேன். எஞ்சினை அப்படியே வெச்சுக்கிட்டு, ஃபோர்டு சியராவுல வந்த டைப் 9 அஞ்சு கியர் பாக்ஸை எம்ஜிஏ-ல பொருத்த கிட் வெளிநாட்டுல கிடைக்குது. சேசிஸை வெட்ட வேண்டியதில்ல, வேணும்னா பழைய பாக்ஸையே திரும்பப் போட்டுக்கலாம். பின்னால காசு சேரும்போது அதை யோசிங்க. இன்னொரு விஷயம் நானே முதல்ல சொல்லியிருக்கணும்: எம்ஜிஏ 1500-ல நாலு சக்கரமும் டிரம் பிரேக். இந்த வரிசையில முன்னாடி டிஸ்க் வந்தது 1959-ல அடுத்த 1600 மாடல்லதான். 72 குதிரைத் திறனுக்குச் செஞ்ச பிரேக் அது. எஞ்சின் எதுவா இருந்தாலும் பாண்டி கிளம்புறதுக்கு முன்னாடி வீல் சிலிண்டர், லைனிங், ஹோஸ் எல்லாம் புதுசு பண்ணுங்க.

பழைய_பதிவு · #14

எஞ்சின் எண் தகட்டில் ஒரு எச்சரிக்கை. ரிவெட் அடித்த சிறு தகடு அது. பிளாக்கை அமில, காரத் தொட்டியில் போட்டுக் கழுவும்போது எண் அழிந்துவிடும், சில பட்டறைகளில் தகடே தொலைந்துவிடும். பட்டறைக்கு அனுப்பும் முன் எண் தெரியும்படி படமெடுத்து, தகட்டின் மேல் பென்சிலால் தாளில் தேய்த்துப் பிரதியும் எடுத்து வையுங்கள். பட்டறை பில்லிலும் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு ஆர்டிஓ ஆய்வாளர் கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டும்.

அப்பாவோட_எம்ஜி · #15

முடிவு எடுத்தாச்சு. சொந்த எஞ்சினையே கட்டுறோம். பிஸ்டன், பேரிங், ஹெட் ஆர்டர் போட்டாச்சு. பாக்ஸ் இப்போதைக்குப் பழசுதான். அப்பா, "3,600 சுற்று எனக்குப் பழக்கம்தான், நான் எண்பதுல போய்க்கிறேன்"ங்கிறார். பிரேக் வேலையை எஞ்சின் பட்டறையில இருக்கும்போதே முடிச்சிடுறோம், ஈசிஆர் சார்.

செலவு இசுசு தொகையைவிடக் கூடத்தான் ஆகுது. ஆனா அந்த மெக்கானிக் முதல்ல சொன்ன கட்டுற செலவுக்குக் கீழதான் வருது, ஏன்னா கிராங்க்கும் ராடும் மிஞ்சிடுச்சு. முதல்ல ஸ்டார்ட் அடிக்கும்போது என்னென்ன கவனிக்கணும் ஐயா?

லேத்து_அம்பத்தூர் · #16

கட்டும்போதே கேம் முகத்துலயும் டேப்பட் அடியிலயும் அதுக்குரிய பேஸ்ட் தடவணும். 20டபிள்யூ-50 மினரல் ஆயில், துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள ரகமாப் பார்த்து வாங்குங்க. இப்ப வர்ற கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் வேணாம்.

பிளக்கைக் கழட்டிட்டு, மீட்டர்ல ஆயில் பிரஷர் ஏறுற வரைக்கும் ஸ்டார்ட்டர்லயே விட்டு விட்டுச் சுத்துங்க. அதுக்கு முன்னாடி டைமிங், பெட்ரோல், தண்ணி எல்லாம் தயாரா இருக்கணும். பிடிச்சதும் ஐடிலிங்ல விடக் கூடாது. 2,000 சுற்றுக்குக் கொண்டு போய் இருபது நிமிஷம் கொஞ்சம் ஏத்தி இறக்கி ஓட விடுங்க. கேமும் டேப்பட்டும் பழகுறது அந்த இருபது நிமிஷத்துலதான். முன்னால ஒரு பெரிய ஃபேன் வெச்சுடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு நிக்குற வண்டி சீக்கிரம் கொதிக்கும்.

அது முடிஞ்சதும் ஆறவிட்டு, ஹெட் நட்டை அதுக்குரிய வரிசைப்படி மறுபடி டார்க் பண்ணி (குறிச்ச அளவுக்கு இறுக்கி), டேப்பட் கேப் பாருங்க. ஐநூறு கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, இன்னொரு தடவை டேப்பட் கேப் வைங்க. அதுவரைக்கும் ஒரே வேகத்துல ஓட்டாம ஏத்தி இறக்கி ஓட்டச் சொல்லுங்க அப்பாவை.

பட்டறையில லைனர் இறக்குற அன்னிக்கு முன்கூட்டியே சொல்லுங்கம்மா, நானும் வர்றேன். போர் கேஜ் என்கிட்ட இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.